கேஸ் தொட்டி நின்றுபோனதற்கான உண்மைக் காரணம்

ராசு,

ஆகாயத்துக்கு அடுத்த படியில் உட்கார்ந்திருக்கும் நம்ம ஊரிலிருந்து, பழனி மலை மொத்தத்துக்கும் முடிசூடாத சந்தேகச் சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பா எழுதுவது. இதைக் கையில் வாங்கியதும் நீ முதலில் உறையைத் திருப்பிப் பார்த்திருப்பாய். ஒட்டவில்லை. நான் கடிதம் ஒட்டும் அழகு உனக்குத் தெரியும். சோற்றுப் பசை ஒரு பூச்சு, அதன்மேல் நூல் ஏழு சுற்று, முடிச்சில் அரக்கு, அரக்கில் என் பெருவிரல் ரேகை. மதுரை ஹாஸ்டலில் அந்த உறைகளைப் பிரிக்க நீ சமையற்காரரிடம் அரிவாள்மணை இரவல் வாங்கினாய் என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். அப்படிப்பட்டவன் இதைத் திறந்தே அனுப்புகிறேன். பூம்பாறை பஸ் கண்டக்டர் படிக்கட்டும். தபால் பை தூக்குகிறவர் படிக்கட்டும். குஜராத்தில் யாருக்காவது தமிழ் தெரிந்தால் அவரும் படித்துவிட்டு உன்னிடம் கொடுக்கட்டும். ஒரு நகல் நம்ம பஞ்சாயத்துப் பலகையில் ஆணியடித்துத் தொங்குகிறது. இன்னொரு நகல் எங்கே போயிருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன்னைப் பெற்றவன் என் அண்ணன். அவனும் மதினியும் ஒரே காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு நீ என் வீட்டுக்கு வந்தாய். இன்றுவரை நீ என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாய். ஆனால் ரேஷன் கார்டில் மகன் என்றுதான் எழுதச் சொன்னேன். எழுதிய குமாஸ்தாவைச் சந்தேகப்பட்டு மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டவனும் நான்தான். ஆகையால் இது மகனுக்கு எழுதும் கடிதம். நடுவில் நான் உன்னைத் தம்பி என்பேன், ஏலே என்பேன், கண்டுகொள்ளாதே.

நீ எழுதியிருந்ததை உன் சித்திக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். குஜராத்தில் மண்ணுக்கு அடியில் கேஸ் கிடக்கிறது, சர்க்கார் ஜனங்களுக்குக் கடன் பத்திரம் விற்று, அந்தப் பணத்தில் குழாய் போடுகிறது, முதலில் ஆலைகளுக்கு, அப்புறம் ஒரு நகரத்து அடுப்புகளுக்கு, ஒரு காலத்தில் தேசம் முழுக்க. அந்தக் குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்துப் பார்க்கிற வேலை உனக்கு. இப்போதைக்குத் தற்காலிகம், நல்லபடியாக விசாரித்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள். இவ்வளவையும் கேட்டு உன் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

என் சந்தேகம் சின்னக் குடும்பம் அல்ல, தம்பி. ஒன்று வந்தால் பின்னால் கூட்டமே வரும். குழாய் ஊதுகிறதா, உறிஞ்சுகிறதா? ஊதுகிறது என்று நீ சொல்கிறாய். அதே குழாயை அந்தப் பக்கம் ஒருத்தன் உறிஞ்சினால் என்ன ஆகும்? எல்லா ஊர்க் குழாயையும் ஒன்றாகக் கோத்துவிட்ட பிறகு, டில்லியில் ஒருவன் தும்மினால் நம்ம ஊர் அடுப்பு அணையாதா? சர்க்கார் பணம் என்கிறார்களே, சர்க்காருக்கு ஏது பணம், அது நிலவரி கட்டிய நம்ம பூண்டுதானே? இத்தனையும் அடுக்கடுக்காய்ச் சொல்லிக்கொண்டே போனேன். உன் சித்தி சுளகில் பூண்டைத் தேய்த்துத் தோல் பறக்கவிட்டபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “உங்களுக்கு வேற சோலி இல்ல. போன தடவ இப்படித்தான் பேசினீங்க. பேசிப் பேசித்தான் என் அடுப்பு அணைஞ்சது.”

அவள் சொன்னது அவ்வளவுதான்.  அடுத்த வாரமே வட்டார ஆபீஸிலிருந்து கிராம சேவக் வந்து வாசலில் நின்றார்.

அவர் எதற்கு வந்தார் என்று சொல்வதற்கு முன்னால், உனக்கும் எனக்கும் தெரிந்த கதையை நான் ஒருமுறை சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்தது ஒரு கதை, எனக்குத் தெரிந்தது ஒரு கதை, பலகையில் நின்று படிக்கிற நம்ம ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

நீ மதுரையில் டிப்ளமா முடித்து வந்த வருஷம் அது. காட்டில் விறகு வெட்டக் கூடாது என்று கெடுபிடி வந்திருந்தது. அதற்குப் பதிலாகச் சாணியிலிருந்து கேஸ் எடுத்துத் தருகிறோம் என்று ஆபீஸிலிருந்து வந்தார்கள். கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்துப் போட்ட பெரிய இரும்பு டிரம். சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து உள்ளே விட்டால் அது புளித்துக் கேஸ் கிளம்பும், டிரம் மேலே எழும்பும், குழாய் வழியாக வீட்டு அடுப்புக்குப் போகும். செங்கல், டிரம், குழாய், அடுப்பு எல்லாம் சர்க்கார் செலவு. மக்கள் பங்கு என்று ஒன்று வேண்டுமாம். கல் சுமந்தோம், மணல் சுமந்தோம். அதன் பிறகு வீட்டுக்கு ஒரு கூடைச் சாணி, தினமும், தவறாமல். முதலில் மேலத்தெரு. டிரம் ஆறு மாதம் இறங்காமல் நின்றால் கீழத்தெருவுக்குக் குழாய், அதற்கடுத்தது பக்கத்து ஊர் போளூரில் ஒரு தொட்டி, அதற்கப்புறம் மலை பூராவும். கூட வந்த ஓவர்சியர் கையை வீசிக் காட்டியபோது அந்தக் கை குழாயைப் பழனி அடிவாரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. தொட்டிக்கு மேஸ்திரியாக உன்னைப் போட்டார்கள். சம்பளத்தோடு உன் பெயரை ஒரு சர்க்கார் காகிதத்தில் பார்த்த அன்று நான் ஊரில் நடந்த நடையைப் பார்த்திருந்தால் பாண்டிய மன்னர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள்.

ஐப்பசி மழையில் அடுப்பு பற்றியது. உனக்கு நினைவிருக்கும், நீதான் தீக்குச்சி கிழித்தாய். நீல நிறத்தில், புகையே இல்லாமல், பல் தெரியாமல் சிரிக்கிற மாதிரி ஒரு தீ. உன் சித்தி உலையை ஏற்றிவிட்டு ஊதாங்குழலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊத ஒன்றும் இல்லை. சோறு கொதிக்கிற வரைக்கும் அப்படியே நின்றாள். இருபது வருஷப் புகையில் கண் சிவந்து சிவந்து அவளுக்குக் கண்ணின் வெள்ளையே மறந்துபோயிருந்தது. அந்த வாரம் அவள் எதிர்வீட்டு வாசலில் கிடந்த ஊசியை இங்கிருந்தே பார்த்துச் சொன்னாள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அது பொய். ஆனால் ஊசி கிடந்தது நிஜம்.

மகிழ்ச்சியாக இருந்தால் போதாதா? எனக்குப் போதாது. தொட்டியின் மறுபக்கம் வழிந்து வரும் சக்கையைத் திரும்ப எருவாக எடுத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னாய். போய் மோந்து பார்த்தேன். நாற்றமே இல்லை. ஏலே, நாற்றம் இல்லாத எருவை நான் எப்படி நம்புவேன்? பூண்டு என்பது என்ன? எருவின் வீறு எல்லாம் ஒரு பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதுதான் பூண்டு. அந்த வீறைக் குழாய் உறிஞ்சிக்கொண்டு போய் அடுப்பில் எரித்துவிட்டால் என் மேட்டுப்பாத்தியில் என்ன முளைக்கும்? வெங்காயம்கூட முளைக்காது, வெங்காயத்தின் நிழல்தான் முளைக்கும் என்றேன். சாணியின் உயிரைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு பிணத்தை நமக்குக் கொடுக்கிறது என்றேன். இதை டீக்கடையில் சொன்னேன், பஸ் நிற்கும் இடத்தில் சொன்னேன், பூண்டு மண்டியில் சொன்னேன். ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்துவிட்டு ஒவ்வொருவரும் ஒருமுறை போய்ச் சக்கையை மோந்து பார்த்தார்கள்.

இனிமேல் எழுதுவதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒருநாள் வெள்ளனே, நம்ம எதிர்வீட்டு அய்யாக்கண்ணு மச்சான் தலையில் கூடையோடு தொட்டிக்குப் போனதைப் பார்த்தேன். அவருடைய கழுத்து தோளுக்குள் புதைந்திருந்தது. சாணி அவ்வளவு கனக்காது. சாணிக் கூடை தூக்குகிறவனின் கழுத்து எனக்குத் தெரியாதா? இவர் அடியில் மண்ணைப் போட்டு மேலே சாணியைப் பூசிக் கொண்டுபோகிறார், நல்ல சாணி அவருடைய பாத்திக்குப் போகிறது என்று முடிவு கட்டினேன். பஞ்சாயத்துத் தலைவரான அவரே ஏமாற்றும்போது நான் மட்டும் ஏமாளியா? மறுநாளிலிருந்து நானும் கூடையின் அடியில் மேட்டுப்பாத்தி மண்ணை அள்ளிப் போட்டேன். மேலே நாலு விரல் கனத்துக்குச் சாணி. நீ கரைக்க வருவதற்கு முன்னால் போய் நானே தொட்டியில் கவிழ்த்துவிடுவேன். நீ நோட்டில் என் பெயருக்கு நேரே டிக் அடிப்பாய். “சித்தப்பாதான் தெனமும் மொத ஆளு” என்று நீ சிரிப்பாய். நானும் சிரிப்பேன். இவ்வளவு நாளும் இதை நான் இப்படித்தான் நினைத்துவைத்திருந்தேன்: மச்சான் ஆரம்பித்தார், நான் பின்னால் போனேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

மார்கழியில் டிரம் இறங்க ஆரம்பித்தது. நீலத் தீ குட்டையாகி, மஞ்சளாகி, ஒருநாள் பாதிச் சோற்றில் அணைந்தது. குளிருக்கு அப்படித்தான் கொஞ்சம் குறையும், ஆனால் நின்றுபோகாது என்று ஓவர்சியர் எழுதி அனுப்பினார். அப்படியானால் கேஸ் எங்கே போகிறது? ஊர் தன் மூளையைக் கசக்கியது. லாரி டியூபில் அடைத்துக் கொடைக்கானல் ஹோட்டலுக்கு நீ விற்கிறாய் என்று முதலில் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக நான் சொல்லவில்லை. அது பொய் என்றும் சொல்லவில்லை.

ஆபீஸிலிருந்து அதிகாரி வந்து மந்தையில் கூட்டம் போட்ட நாள் உனக்கு மறந்திருக்காது. முதல்நாள்தான் நீ டிரம்மைத் தூக்கி வைத்து, தொட்டியைப் பாதி இறைத்து, மூங்கிலை விட்டு ஆழம் பார்த்திருந்தாய். மூங்கிலின் நுனியில் ஒட்டி வந்ததை நீ மட்டும்தான் பார்த்தாய். கூட்டத்தில் அதிகாரி ஒப்பந்தத்தை வாசித்தார்: மக்கள் பங்கு ஒழுங்காகத் தரப்படவில்லை என்றால், சர்க்கார் போட்ட செலவை அந்தந்த வீடு திருப்பிக் கட்ட வேண்டும். வாசித்துவிட்டு உன்னைப் பார்த்து, “என்ன காரணம்ப்பா?” என்று கேட்டார். நீ மேலத்தெரு முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். கடைசியில் என் முகத்துக்கு வந்து நின்றாய். என்னுடைய முகத்தை நான் வானத்தைப் பார்க்க அனுப்பிவிட்டேன், மழை வருமா என்று. “பராமரிப்பு என் பொறுப்புங்க. குறை என்னுதுதான்” என்றாய். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டாய். அய்யாக்கண்ணு மச்சான் என் காதில், “பாத்தியா மாப்ளே, நெஞ்சு குறுகுறுத்திருக்கு பயலுக்கு, தானா ஒத்துக்கிட்டான்” என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா என்பது மேலே இருக்கும் முருகனுக்கே குழப்பமாக இருந்திருக்கும். அவன் குழம்பட்டும் என்றுதான் அப்படி ஆட்டினேன்.

கீழத்தெருவுக்கு வந்து இறங்கியிருந்த குழாய்களை லாரியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோனார்கள். போளூருக்குத் தொட்டி வரவில்லை. உன் சித்தி பரணிலிருந்து ஊதாங்குழலை எடுத்துத் துடைத்தாள்.  நீ மறுவாரம் மதுரைக்குப் பஸ் ஏறினாய். ஏறும்முன் மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், சுண்டைக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டுப் போனாய். நான் அதைப் பார்த்துப் பயந்தேன், தம்பி. மதுரையில் யாரிடமாவது ஏதாவது கற்றுக்கொண்டு வந்து வீட்டுக்குச் செய்துவைத்துவிட்டான் என்று மூன்று வருஷம் அந்த மாடத்தின் பக்கம் கையை நீட்டாமல் விளக்கேற்றியவன் நான். உன் சித்தி மட்டும் தினமும் அதை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைப்பாள்.

இப்போது கிராம சேவக்கிடம் வருகிறேன். உன்னை நிரந்தரம் செய்வதற்காக உன் பழைய வேலையைப் பற்றிக் கேட்டு குஜராத்திலிருந்து ஆபீஸுக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். கோப்பைத் திறந்தால் ‘பராமரிப்புக் குறைவு, ஒப்புக்கொண்டு கையெழுத்து’ என்று இருக்கிறது. “அப்படியே பதில் போட்டா பையன் வேலை போயிரும்ங்க. கேஸ் குழாய் சோதிக்கிற வேலைக்கு, கேஸ் தொட்டியைக் கவனிக்காதவனை வைப்பாங்களா? வேற காரணம் ஏதும் இருந்தா எழுதிக் கொடுங்க. இருக்குதா?” என்று கேட்டார். நல்ல மனுஷன். நான் அவரையும் சந்தேகப்பட்டேன், எழுதி வாங்கி நம்மிடமே வசூல் செய்யத்தான் வந்திருக்கிறான் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு உன் சித்தி மாடத்திலிருந்து அந்தக் கல்லை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது எங்க உள்ள கல்லு, தெரியுதா?”

எனக்குத் தெரியாமல் என்ன. நம்ம மலையில் பாத்திக்குப் பாத்தி மண் வேறு. ஒரு பிடியைக் காட்டினால் இது யார் வயல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். ஓடைக்கரையில் மச்சானுக்கு மஞ்சள் மணல். கீழ்ப்பாத்திக்காரர்களுக்குச் செம்மண். இந்த வெங்கச்சங்கல்லும் அது கிடக்கும் கறுப்பு மண்ணும் ஊரிலேயே ஒரு இடத்தில்தான், நம்ம மேட்டுப்பாத்தியில்தான்.

“அவன் இதைத் தொட்டிக்குள்ள இருந்து எடுத்தான். கழுவி எங்கிட்டதான் காட்டினான். ‘சித்தப்பாகிட்ட சொல்லாதீங்க சித்தி, அவரே ஒருநாள் பாப்பாரு’ன்னான். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், நீங்க பாக்குற மாதிரி தெரியல.”

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். சாப்பிட்டேன். ஆனால் உப்பு இருந்ததா என்று தெரியாது.

மறுநாள் நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மண் கலந்ததை எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுப்போம் என்றேன். மச்சான் துள்ளிக் குதித்தார். “நாங்களா? மண்ணா? நீ கலந்திருந்தா நீ எழுதிக் குடு. மொத்த செலவையும் நம்ம தலையில கட்டுவான். கேஸ் அடுப்புப் போயி அம்புட்டு வருஷமாச்சு, இப்ப அதுக்குப் பணங்கட்டவா?” கூட இருந்த மேலத்தெருக்காரர்களும் அதையேதான் பாடினார்கள். யாருக்கும் மண் என்றால் என்னவென்றே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மண்ணைப் பார்க்காதவர்கள் மாதிரி முழித்தார்கள். “சரி, தொட்டி அங்கனதான கெடக்கு. தோண்டிப் பாத்திருவோம். யார் மண்ணும் இல்லேன்னா என் பேரை மட்டும் எழுதிக்கிறேன்” என்றேன். தங்கள் மண் இருக்காது என்று இவ்வளவு நேரம் சொன்னவர்கள் தோண்டவேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்?

தை வெயிலில் மழைத்தண்ணீரை வாளி வாளியாக இறைத்தோம். டிரம் இப்போது மச்சானின் கோழிகளுக்கு அரண்மனையாக இருப்பதால் தொட்டி திறந்தேதான் கிடந்தது. தண்ணீர் வற்றியதும் நானே இறங்கினேன். இந்த வயதில் நான் ஏணியில் இறங்கியது அகத்தியர் மலை இறங்கியதைவிடப் பெரிய விஷயம், அதை யாரும் பாராட்டவில்லை. மண்வெட்டியால் செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டினேன். ராசு, அடுக்கு அடுக்காக இருந்தது, அப்படியே நம்ம மலைச்சரிவு வயல் மாதிரி. மேலே செம்மண், கையகலம். “இது கீழ்ப்பாத்தி மண்ணு” என்று மேலேயிருந்து ஒருவரே கத்திவிட்டு, அப்புறம் அது தன்னுடையது என்று புரிந்து வாயைப் பொத்தினார். அதற்கும் கீழே மஞ்சள் மணல். கூட்டம் முழுக்க மச்சானைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. “என்ன தலைவரே, ஓடை தொட்டிக்குள்ள வந்து பாய்ஞ்சிருச்சோ?” என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பார், மச்சான் ஆரம்பித்தார், இதோ சாட்சி. அந்த உற்சாகத்தில் இன்னும் ஒரு முழம் தோண்டினேன்.

மஞ்சள் மணலுக்கும் கீழே கறுப்பு மண். முழங்கால் உயரத்துக்கு. அதில் வெள்ளை வெள்ளையாய்க் கல், நட்சத்திரம் மாதிரி. அதற்குக் கீழே கட்டிய செங்கல்தான், வேறொன்றும் இல்லை.

அடியில் கிடப்பதுதானே முதலில் விழுந்தது.  மச்சான் தொட்டி விளிம்பில் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: “மாப்ளே, ஒன் கழுத்து தோளுக்குள்ள பொதைஞ்சிருந்ததப் பாத்துத்தான்யா நான் ஆரம்பிச்சேன். சாணி அம்புட்டுக் கனக்காதேன்னு.”

அந்தக் கழுத்து என் கழுத்து, தம்பி. இத்தனை வருஷமாக நான் அதை அவர் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரையே சந்தேகப்பட்டவன் என் ஞாபகத்தை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. தொட்டிக்குள் நின்றுகொண்டு நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா, இந்த மண்ணை யாராவது இப்போது கொண்டுவந்து போட்டிருப்பார்களோ என்றுதான். அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் எனக்கே என்மேல் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, மேலே அவர்களும் சிரித்தார்கள். உன் சித்தி மட்டும் சிரிக்கவில்லை. கூடையைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். “அள்ளி வையுங்க. பாத்தியில போடணும். நம்ம மண்ணுதான” என்றாள்.

உனக்கு அறிவுரை எழுதத்தான் இந்தக் கடிதத்தை முந்தி ஒருதரம் ஆரம்பித்தேன். குஜராத்தில் யாரையும் நம்பாதே, கூட வேலை பார்க்கிறவன் சாப்பாட்டை ஒருவாய் தின்று காட்டிய பிறகு சாப்பிடு, இப்படியே நாலு பக்கம். அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன், விறகடுப்பில்தான். இப்போது சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. நீ போடும் குழாய் பெரிசு, எங்கள் தொட்டி சின்னது. ஆனாலும் எத்தனையோ ஊர்க்காரன் தன் வீட்டுக் காசைக் கடன் பத்திரமாகக் கொடுத்து அதில் போட்டிருக்கிறான், நாங்கள் கூடை போட்டதைப் போல. குழாயில் கேஸ் குறைந்தால் நீ வால்வைப் பார்ப்பாய், வெல்டிங்கைப் பார்ப்பாய். பார். ஆனால் என்னைப் போல ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டிருக்கிறான் என்பதையும் ஒரு நடை போய்க் கேள். அவனுக்குப் பதில் சொல்லாமல் விடாதே. எனக்கு நீ பதில் சொல்லாமல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனாய். அது மரியாதை என்று உனக்குப் பட்டிருக்கும். எனக்குக் கல்லை விட ஏச்சு சீக்கிரம் புரிந்திருக்கும்.

இன்னொரு நகல் எங்கே போனது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. கிராம சேவக்கின் பையில் போனது. அதோடு தனியாக ஒரு தாளில், தொட்டி நின்றதற்குக் காரணம் மேஸ்திரியின் குறை அல்ல, மக்கள் பங்கில் மண் கலந்தது என்று எழுதியிருக்கிறது. கீழே கையெழுத்தும் கைநாட்டுமாக மேலத்தெரு முழுக்க இருக்கிறது. செலவைத் திருப்பிக் கேட்டால் பூண்டு விற்றுக் கட்டுவோம், கேட்காவிட்டால் சந்தேகப்படுவோம். யார் முதலில் போடுவது என்று மந்தையில் கொஞ்சம் தகராறு நடந்தது. தலைவர் என்கிற முறையில் மச்சான் பேனாவை எடுத்தார். “வைங்க மச்சான், அடுக்கு வரிசைப்படிதான் போடணும்” என்று வாங்கிக்கொண்டு, முதல் பெயராக என் பெயரை நானே எழுதினேன். பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குள், உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘மேஸ்திரியின் தகப்பன்’ என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை.

கல் மாடத்தில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் அதைத் துடைப்பது நான்.

உன் சித்தப்பா